பாத்திக்குள் நாய் நுழையாமல் காப்பது எப்படி: மின்னணுக் காலரும் புதைகம்பி எல்லையும் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டு நாய் முற்றத்தில் தாராளமாக உலவ வேண்டும், ஆனால் கீரைப் பாத்திக்கும் பூச்செடிகளுக்கும் இடையே மட்டும் போகக் கூடாது என்று விரும்புகிறவர்களுக்காக உருவான கருவிதான் மின்னணுக் காலர். தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் புதைத்த கம்பி மெல்லிய வானொலிச் சமிக்ஞையை வெளியிடுகிறது. நாயின் கழுத்தில் உள்ள ரிசீவர் அதை உணர்ந்ததும் ஒலியையோ அதிர்வையோ எழுப்புகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் வடிவமைத்த முறை இது. இன்று இணையக் கடைகள் வழியாக நம் ஊர்களிலும் கிடைக்கிறது. ஆனால் பெட்டியோடு வரும் கையேடு, அகன்ற புல்வெளி நடுவே நிற்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மதில் சுவர், கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி, மாதந்தோறும் கொத்திவிடும் பாத்தி, மின்தடை, ஐப்பசி இடி மழை ஆகியவற்றோடு வாழும் நம் வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையான பல விவரங்கள் அதில் இல்லை.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலர் நாய்க்கு எதையும் கற்பிப்பதில்லை. எல்லை எது, அதை நெருங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து கற்பிக்க வேண்டும். கற்ற எல்லையை நினைவூட்டுவது மட்டுமே காலரின் வேலை. கம்பியைப் புதைத்து, காலரை மாட்டி, நாயை அவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணி வாங்குவதானால் வாங்காமல் இருப்பதே நாய்க்கு நல்லது.

முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்

நாய் ஏன் பாத்திக்குள் போகிறது என்பதை ஒரு வாரமாவது கவனித்துப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில், தண்ணீர் ஊற்றிய பாத்தியின் ஈரமண்தான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். நாய் அதைத் தோண்டிப் படுப்பது உடற்சூட்டைத் தணிக்கத்தான். பெருச்சாளி வளை இருந்தால் மூக்கு அங்கேயே போகும். எலும்புத்தூள், மீன் அமிலம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஆகியவற்றை ஊற்றிய அன்று செடியைச் சுற்றி மண் கிளறப்பட்டிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அது நாய்க்கு உணவின் வாசனை.

சில தோட்டங்களில் நாயைத் தடுப்பது செடிக்காக அல்ல, நாயின் உயிருக்காகவே தேவைப்படுகிறது. ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும்; அதன் வாசனையோ நாய்க்குப் பிடிக்கும். அரளி, ஊமத்தை, அழகுக்காக வைக்கும் சைகஸ் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. எலி மருந்தும் நத்தை மருந்தும் வைக்கும் இடங்கள் இன்னும் ஆபத்தானவை. இத்தகைய பொருள்கள் உள்ள இடத்துக்குக் காலரை நம்பவே கூடாது. மின்கலம் தீரும், கம்பி அறுபடும், நாய் துணிந்து ஓடும். அங்கே பொருளை அகற்றுவது அல்லது கண்ணால் காணும் வேலியை அடிப்பது என இரண்டே வழிகள்தான் உண்டு.

காரணம் தெரிந்தபின் அதற்கான மாற்றிடத்தை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். வேப்பமரம் போன்ற நல்ல நிழலில் நான்கடிக்கு நான்கடி இடம் ஒதுக்கி, ஓரடி ஆழத்துக்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ அல்லாத மென்மண்ணை நிரப்பி, காலையில் ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிட்டால், கோடையில் தோண்டும் நாய்களில் பல அங்கேயே தங்கிவிடும். அப்படித் தங்கிவிட்டால் இந்த வழிகாட்டியின் எஞ்சிய பகுதி உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

எந்தக் காலர், எந்த நாய்க்கு

சந்தையில் உள்ளவற்றை நான்காகப் பிரிக்கலாம்: பீப் ஒலி மட்டும் எழுப்புபவை, அதிர்பவை, நாய் விரும்பாத எலுமிச்சைப்புல் வாசனையைத் தெளிப்பவை, மின்னதிர்ச்சி தருபவை. ஒரே காலரில் ஒலி, அதிர்வு, மின்னதிர்ச்சி மூன்றும் இருப்பதே வழக்கம். வாங்கும் முன், மின்னதிர்ச்சியை முழுமையாக நிறுத்திவிட்டு ஒலியிலும் அதிர்விலும் மட்டும் இயக்க முடியுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாதென்றால் அந்த மாதிரி வேண்டாம்.

மின்னதிர்ச்சியை நான் பரிந்துரைப்பதில்லை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், பரிசளித்துப் பழக்கும் முறையையே நாய்ப் பயிற்சி அனைத்துக்கும் பரிந்துரைத்து, மின்னதிர்ச்சி தரும் மின்னணுக் காலர்கள் போன்ற வலிமுறைகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அழைத்தால் திரும்பி வரப் பழக்குவதில் மின்னதிர்ச்சிக் காலர் பரிசுமுறையைவிட எவ்வகையிலும் மேலான பலன் தரவில்லை என்று கண்டார்கள். வேல்ஸ் 2010இலேயே மின்னதிர்ச்சிக் காலரைத் தடை செய்தது; ஜெர்மனியிலும் தடை உண்டு. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் தருவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் ஒரு கேடு உண்டு: எல்லையில் வலித்த கணத்தில் நாய் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக் குழந்தையை என்றால், அந்த வலிக்குக் காரணம் கம்பி என்று அது எண்ணாது, குழந்தை என்றே எண்ணும். அத்தகைய அச்சம் கடியில் முடியலாம்.

அதிர்வும் எல்லா நாய்க்கும் ஒத்துவராது. பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒடுங்கும் நாய், ஏற்கெனவே மனிதரைப் பார்த்து உறுமும் நாய், ஆறு மாதம் நிரம்பாத குட்டி, சினையாக உள்ள நாய், இதய நோயோ கழுத்துப் புண்ணோ உள்ள நாய் ஆகியவற்றுக்கு இந்தக் கருவியே வேண்டாம். கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: முயலையும் ஓணானையும் கண்டால் அவை எடுக்கும் வேகத்தில், காலர் அதிரத் தொடங்கும் முன்பே எல்லையைத் தாண்டி மறுபுறம் நிற்கும்.

தெருநாய்கள் உங்கள் தோட்டத்துக்குள் வருவதுதான் சிக்கல் என்றால் காலருக்கு அங்கே வேலையே இல்லை. காலர் மாட்டிய உங்கள் நாயை மட்டுமே அது தடுக்கும். கேட்டின் அடியில் உள்ள இடைவெளிக்குத் தகடும் மதிலின் உடைப்புக்கு வலையும் அடிப்பதுதான் அதற்குரிய தீர்வு.

கம்பி போகும் பாதையை வரைதல்

ஒரு தாளில் வீடு, மதில், கிணறு, மோட்டார், தரைக்கடியில் போகும் மின்கம்பி, நாயின் தண்ணீர்த் தொட்டி, அது மலஜலம் கழிக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தடுக்க வேண்டிய பாத்தியைச் சுற்றி கம்பியின் பாதையை வரையுங்கள். இந்த வரைபடத்தில் செய்யும் பிழைகள்தான் பின்னால் நாயைத் துன்புறுத்துகின்றன என்பதால் இதற்கு ஒரு மாலை நேரத்தை முழுதாக ஒதுக்குவது தகும்.

கம்பி ஒரு முழுச் சுற்றாக, அதற்குச் சமிக்ஞையை அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்மிட்டரில் தொடங்கி டிரான்ஸ்மிட்டரிலேயே முடிய வேண்டும். பாத்தி வீட்டிலிருந்து தள்ளி இருந்தால், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் முற்றத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் சமிக்ஞை இருந்தால் நாய் தன் வழக்கமான பாதையில் நடக்கும்போதே காலர் ஒலித்துவிடும். இதற்கு வழி, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது. இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். ஓரடி நீளத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு முறுக்கு இருக்க வேண்டும். தளர்வாக நாலைந்து முறுக்கு மட்டும் இருந்தால் சமிக்ஞை ஆங்காங்கே கசியும். கம்பிகளின் ஒரு முனையைத் துளைக் கருவியின் வாயில் செருகி, மறுமுனையை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, கருவியை மெதுவாகச் சுழற்றினால் முறுக்கு ஒரே சீராக விழும்.

இதே காரணத்தால், பாத்தியைச் சுற்றும் பகுதியில் கம்பியின் இரு பக்கங்களும் மிக நெருங்கக் கூடாது. மதிலை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஓடும் பூப்பாத்தியின் இருபுறமும் கம்பியைப் புதைத்தால், இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று பலவீனப்படுத்திக்கொள்ளும். இடைவெளி குறைந்தது ஐந்தடி இருக்க வேண்டும். அகலம் அவ்வளவு இல்லையென்றால் ஒரு கம்பியைத் தரையிலும், திரும்பும் கம்பியை மதில் மேல் ஐந்தடி உயரத்திலும் கொண்டுபோகலாம்.

சமிக்ஞைப் பட்டையின் அகலத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள். நடுத்தர உடலுள்ள நாய்க்குக் கம்பியின் வெளிப்புறத்தில் மூன்று முதல் நான்கடி வரை எச்சரிக்கைப் பட்டை தேவை. மிகக் குறுகிய பட்டையில் நாய்க்கு நின்று திரும்ப நேரம் கிடைக்காது. அந்தப் பட்டை போக, நாய் கவலையின்றி நடக்க மேலும் நான்கடியாவது மிஞ்ச வேண்டும். வீட்டுச் சுவருக்கும் பாத்திக்கும் இடையே மொத்தமே ஐந்தடிச் சந்துதான் என்றால் இந்த முறை அங்கே பொருந்தாது. மூன்றடி உயர மூங்கில் தட்டியோ பச்சை வலையோ போதும்.

புதைத்தலும் இணைத்தலும்

கம்பியை முதலில் தரையின் மேலேயே விரித்து, டிரான்ஸ்மிட்டரை இயக்கிச் சோதித்தபின் புதையுங்கள். இரண்டு முதல் மூன்று அங்குல ஆழமே போதும். ஆனால் மண்வெட்டியும் களைக்கொத்தும் விழும் பாத்தி ஓரத்தில் அந்த ஆழம் கம்பியைக் காக்காது. அங்கே கம்பியைப் பாத்தியிலிருந்து ஓரடி வெளியே தள்ளி, அரை அங்குல பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதைப்பது நல்லது. பெருச்சாளி நடமாட்டம் உள்ள வீடுகளில் முழுச் சுற்றையுமே குழாய்க்குள் கொண்டுபோவது செலவானாலும் வீண்போகாது. மூலைகளில் கம்பியைச் செங்கோணமாக மடிக்காமல், ஏறத்தாழ மூன்றடி வளைவாகத் திருப்புங்கள். கூரிய மூலையில் சமிக்ஞை குறைந்து, நாய் கண்டுபிடித்துவிடும் ஓர் ஓட்டை உண்டாகும்.

மோட்டாருக்கும் வெளிவிளக்குக்கும் போகும் மின்கம்பிகளுக்கு இணையாகப் புதைக்க நேர்ந்தால் ஐந்தடி இடைவெளி விடுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். இரும்பு வலைவேலி, தகரக் கூரை, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஆகியவை சமிக்ஞையை எதிர்பாராத இடத்துக்குக் கடத்தக்கூடியவை.

இணைப்புகள்தான் இந்த அமைப்பின் பலவீனமான இடம். இரண்டு கம்பி முனைகளையும் அரை அங்குலம் உரித்து, செம்பு பளபளக்கும்படி சுரண்டி, இறுக முறுக்கி, ஜெல் நிரப்பிய நீர்புகா மூடிக்குள் செருகி, மூடிக்கு வெளியே செம்பு சிறிதும் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் போதும் என்று மின் வேலைக்கு வருபவர் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் மண்ணில் கிடந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருக்கும்.

டிரான்ஸ்மிட்டரை மழைபடாத உட்சுவரில், குளிர்சாதனப் பெட்டி போன்ற பெரிய உலோகப் பொருள்களிலிருந்து மூன்றடி தள்ளி, இன்வெர்ட்டர் மின்சாரம் வரும் இணைப்பில் மாட்டுங்கள். மண்ணில் கிடக்கும் நீண்ட கம்பி இடியின் மின்வீச்சை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும் என்பதால் இடித்தாங்கிச் சாதனம் ஒன்றை இடையே பொருத்துங்கள்; பலத்த இடி வரும் என்று தெரிந்தால், மழை தொடங்கும் முன்பே கம்பியைக் கழற்றிவைத்து நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பானது.

பிறகு சோதனை. காலரை நாயின் கழுத்து உயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு, கம்பியை நோக்கி மெதுவாக நடந்து, எந்த இடத்தில் ஒலிக்கிறது என்று சுண்ணாம்பால் குறியிடுங்கள். சுற்று முழுவதும் பல இடங்களில் இதைச் செய்யுங்கள். அதே காலரோடு வீட்டின் ஒவ்வோர் அறையிலும், திண்ணையிலும், தண்ணீர்த் தொட்டியருகிலும் நடந்து பாருங்கள். சுவருக்கு மறுபுறம் கம்பி ஓடினால், நாய் தன் பாயில் படுத்திருக்கும்போதே காலர் அதிரலாம். தன் படுக்கையே தன்னைத் தண்டிப்பதாக எண்ணும் நாயை மீட்பது கடினம்.

காலரைப் பொருத்துதல்

நாய் நின்றுகொண்டிருக்கும்போது, கழுத்தின் மேற்பகுதியில் காதுக்குச் சற்றுக் கீழே காலர் அமர வேண்டும். உலோகத் தொடுமுனைகள் கழற்றக்கூடியவை என்றால் கழற்றிவிட்டு, உடன்வரும் மூடியைப் போடுங்கள். கழற்ற முடியாதென்றால் முனைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள். கயிற்றை ஒருபோதும் இந்தக் காலரில் கட்டக் கூடாது. மார்புப் பட்டை ஒன்றைத் தனியாகப் போட்டு அதில் கட்டுங்கள்.

ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காலர் கழுத்தில் இருக்கக் கூடாது. இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். காலர் போட்ட நாய்க்குக் கழுத்தில் வரும் புண் பெரும்பாலும் மின்சாரத்தால் வருவதில்லை. முனைகள் ஒரே இடத்தில் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதாலும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அடித்தோல் ஈரமாகவே இருப்பதாலும் வருகிறது. மாலையில் காலரைக் கழற்றியதும், இரு கட்டைவிரல்களாலும் முடியை எதிர்த்திசையில் விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். துவரம்பருப்பு அளவில் இரண்டு சிவந்த புள்ளிகள் தெரிந்து, தொட்டதும் நாய் கழுத்தைச் சிறிது இழுத்துக்கொண்டால் அதுதான் தொடக்கம். அன்றே காலரை நிறுத்திவிட்டு, தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை மீண்டும் போடாதீர்கள். ஈரம் கசிந்தாலோ வாடை வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

சுண்ணாம்புக் குறி இட்ட கோட்டில் ஆறடிக்கு ஒன்றாக மூங்கில் குச்சி நட்டு, துணிக் கொடி கட்டுங்கள். வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகியவை ஏற்றவை. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரியாது என்பதால் பச்சைச் செடிகளுக்கு முன் சிவப்புக் கொடி அதற்கு எடுப்பாகத் தெரியாது.

முதல் நான்கைந்து நாள்கள் ஒலி மட்டும், அதிர்வு வேண்டாம். வேக வைத்த கோழித் துண்டுகளைப் பொடியாக நறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, பத்தடிக் கயிற்றில் நாயைக் கொடிகளை நோக்கி நடத்திச் செல்லுங்கள். பீப் ஒலி கேட்ட கணமே "வா" என்று மகிழ்ச்சியான குரலில் அழைத்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். நாய் திரும்பி உங்களை நோக்கி வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். கயிற்றைச் சுண்டி இழுக்கவோ அதட்டவோ வேண்டாம். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் எல்லையின் வேறு வேறு பக்கத்தில் தொடங்குங்கள். இல்லையெனில் நாய் ஒரு மூலையை மட்டும் கற்று, மற்ற பக்கங்கள் திறந்தவை என்று முடிவு செய்துவிடும்.

நாய் கற்றுவிட்டதை அதன் காதில் காணலாம். ஒலி எழுந்ததும் காது பின்னோக்கித் திரும்பி, முன்கால் ஒன்று அந்தரத்தில் நின்று, நீங்கள் அழைப்பதற்கு முன்பே தலை உங்கள் பக்கம் திரும்பும். அந்த நிலை எல்லாப் பக்கங்களிலும் வந்த பிறகே அடுத்த கட்டம். மாறாக, வாலை இடுக்கிக்கொண்டு உதட்டை நக்குவதும், காலரைக் கையில் எடுத்ததும் ஒளிவதும், திண்ணையை விட்டு இறங்க மறுப்பதும் கற்றலின் அடையாளமல்ல, அச்சத்தின் அடையாளம். இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, கொடிகளிலிருந்து இன்னும் தொலைவில் மீண்டும் தொடங்குங்கள்.

ஒலிக்குத் திரும்பப் பழகிய நாயிடம், ஈர்ப்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒருவர் பாத்திக்குள் நின்று தண்ணீர் ஊற்றட்டும். அடுத்த நாள் பந்து ஒன்று கொடிக்கு அப்பால் உருளட்டும். கயிறு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒலியை அலட்சியம் செய்து முன்னேறுகிற நாய்க்கு மட்டும் அதிர்வை மிகக் குறைந்த அளவில் சேர்க்கலாம். முன்னதாக, பாத்திக்குத் தொலைவில், நாய் உண்டுகொண்டிருக்கும்போது ஒரு முறை அதிரவைத்து அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். துள்ளி அலறினால் அந்த நாய்க்கு அதிர்வு வேண்டாம். குறைந்த அதிர்வுக்கும் ஒலிக்கும் மசியாத நாய்க்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட வேலி அடித்துவிடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் கயிற்றைத் தரையில் இழுபட விட்டுவிட்டு, பிறகு கயிறின்றி, நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள். கொடிகளை இரண்டு நாளுக்கு ஒன்றாக, ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். நாய் எப்போதாவது உள்ளே ஓடிவிட்டால் துரத்தாமல் டிரான்ஸ்மிட்டரை உடனே அணைத்துவிடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால், வெளியே வர முயலும்போது அதே அதிர்வைச் சந்தித்து, திரும்பி வருவதே தவறு என்று அது கற்றுக்கொள்ளும்.

வீட்டில் எல்லோரும் ஒரே விதியைக் காக்க வேண்டும். தாத்தா பாத்திக்குள் நின்று நாயை அழைத்து பிஸ்கட் கொடுத்தால் மூன்று வார உழைப்பும் அன்றே கலைந்துவிடும். நாயை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் காலரைக் கழற்றி, கயிறு கட்டி, எப்போதும் ஒரே வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை காலரின் மின்கலத்தைப் பார்த்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் காலரையும் நாயின் கழுத்தையும் துடைத்து உலர்த்துங்கள். மழையில் நனைந்த நாய்க்குக் கழுத்து முழுதாகக் காய்ந்த பிறகே காலர்.

டிரான்ஸ்மிட்டர் கம்பி அறுந்ததாக எச்சரித்தால் சுற்று முழுவதையும் தோண்ட வேண்டாம். சுற்றின் நடுவில் ஓரிடத்தில் கம்பியைத் துண்டித்து, டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஒரு தற்காலிகக் கம்பியைத் தரைமேலேயே அங்கு கொண்டுவந்து, முதல் பாதியோடு மட்டும் இணைத்துப் பாருங்கள். எச்சரிக்கை நின்றால் அந்தப் பாதி நலம். அறுந்த இடம் அடுத்த பாதியில் இருக்கிறது. அதையும் இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் நாலைந்து சோதனைகளில் சில அடி நீளத்துக்குள் வந்துவிடலாம். அண்மையில் கொத்திய இடத்தையும் பழைய இணைப்புகளையும் முதலில் பாருங்கள்.

சில மாதங்களில், கொடியும் ஒலியும் இல்லாமலே நாய் பாத்தியைச் சுற்றி நடப்பதைக் காண்பீர்கள். அப்போது நீங்கள் தோட்டத்தில் இருக்கும் நேரங்களில் காலரின்றி விட்டுப் பார்த்து, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காலர் முழுதாகத் தேவைப்படாமல் போனதும், மாற்றத்தக்க மின்கலமாக இருந்தால் அதை வெளியே எடுத்துவிட்டு, தொடுமுனைகளைத் துடைத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பாத்தியை வேறிடத்துக்கு மாற்றினாலோ புதிய பந்தல் போட்டாலோ, கம்பியைத் திருத்திப் புதைத்து, கொடிகளை மீண்டும் நட்டு, ஒலி மட்டும் உள்ள முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.